இடைக்கோடு

வெலிங்டனில் கடல் இல்லை.
ஆறாயிரம் அடி ஏறி வந்து
இங்கேதான் கடலைப் பங்கு பிரிக்கப் படிக்கிறார்கள்.
பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும்
அவர்களுக்குத் தேநீர் கொண்டுபோவது என் வேலை.

நீள மேசை. அதன்மேல் இல்லாத ஒரு கடல்.
மேற்கே நீலநாடு, கிழக்கே செந்நாடு,
நடுவில் ஏழு பாறைகள்,
ஒன்றுக்கும் பேரில்லை, எண்தான்.
பல தேசத்து அதிகாரிகள் சுற்றி நின்று
தங்களுடையதல்லாத தண்ணீருக்குத் தொண்டை கட்டப் பேசுவார்கள்.

தட்டோடு நிற்கிறவளுக்கும் காது உண்டு.
ஓதம் ஏறும்போது தலை முங்காத பாறைக்குப்
பன்னிரண்டு கடல்மைல் சொந்தமாம்.
முங்கிவிட்டால் வெறும் கல்.
மனிதர் தங்கிப் பிழைக்க முடிந்தால்
இருநூறு மைல்வரை மீனும் எண்ணெயும் அதற்கே.
கமாண்டர் குரியகோஸ் மூன்று தரம் சொன்னார்:
“தங்கிப் பிழைக்க முடியுமா? அதுதான் கேள்வி.”

பந்தலூர்ப் பக்கம் ஒரு சரிவில்
என் தங்கை பவளக்கொடி
முப்பத்தெட்டு வருடமாகத் தங்கிப் பிழைக்கிறாள்.
மிளகுக்கொடி, இரண்டு ஆடு, மூன்று பிள்ளைகள்.
பட்டா கேட்டால் வழக்கு இருக்கிறது என்கிறார்கள்,
கரண்டு கேட்டால் பட்டா கேட்கிறார்கள்.
இருநூறு மைல் வேண்டாம்,
வாசலில் ஒரு கம்பம் போதும்.
கமாண்டரிடம் இதைச் சொல்லவில்லை.
சர்க்கரை எத்தனை என்றுதான் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு கோப்பை ஒழுகியது.
எடுத்தபோது ஐந்தாம் பாறைக்குத் தெற்கே
வட்டமாக ஒரு கறை.
துடைக்கக் குனிந்தேன்.
“இருக்கட்டும், எங்கள் தீவு” என்றார் செந்நாடு,
நிஜத்தில் ஃபிஜிக்காரர்.
எல்லோரும் சிரித்தார்கள்.
புதன்கிழமை சிரிப்பு குறைந்தது.
கறைக்கு எட்டு என்று எண் போட்டார்கள்.
“யார் கோப்பை?” நீலநாடு என்னைக் கேட்டது.
“கேண்டீன் கோப்பை, சார்.”
அன்று சாயங்காலம்
கேட்டுக்கு நடுவே ஒரு காட்டெருமை நின்றது.
இரண்டு நாடுகளும் கோப்புகளோடு
அரைமணி நேரம் உள்ளேயே காத்திருந்தன.
வியாழன் காலை பார்த்தால்
பென்சில் கோடு கறையைச் சுற்றி வளைந்து போயிருந்தது.

அம்மா கப்பலில் வந்தவள்.
தலைமன்னாரில் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி,
மண்டபம் முகாமில் பதினாறு நாள்.
கோட்டை எங்கே தாண்டினீங்க என்று ஒருமுறை கேட்டேன்.
“கோடா? நான் பக்கெட்டுல வாந்தி எடுத்துக்கிட்டிருந்தேன்.”
கையில் வைத்திருந்த காகிதத்தில்: தாயகம் திரும்புவோர்.
பிறந்தது பதுளையில்.
அதுவரை பார்த்தே இராத தாயகம்.
அங்கே இந்தியாக்காரி,
குன்னூர்ச் சந்தையில் இன்றைக்கும் சிலோன்காரி.
இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை எனக்கு என்று
அவளையும் ஒரு மேசையில்தான் பிரித்திருக்கிறார்கள்.
ஐந்தாம் பாறையை எனக்கு எனக்கு என்கிறார்கள்.
அம்மாவை மட்டும்
நீயே வைத்துக்கொள் என்றார்கள், இரண்டு பேரும்.

பயிற்சி முடிந்த வெள்ளிக்கிழமை
வரைபடத்தைப் பழைய காகிதத்தோடு கட்டச் சொன்னார்கள்.
கட்டவில்லை.
தடித்த தாள், சமையல் மேடையில் விரித்தால் ஈரம் ஏறாது.
அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தாள்.
“மன்னார் எது?”
“இதுல மன்னார் இல்லம்மா. சும்மா போட்ட கடல்.”
கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.
“துணியா இருந்தா சோப்புக்குப் போயிரும்.”

அடுப்பைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.
மூன்று கால் நீலநாட்டில்,
ஒன்று எட்டாம் நம்பரில்.
லேசாக ஆடுகிறது.
பால் பொங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.